பூரணிக்கு வந்த பாதி வசனம்

என் கையெழுத்து பெரியது. முப்பத்திரண்டு வருடம் தேயிலை ஸ்டோரில் சாக்குகளுக்கு மார்க் எழுதின கை இது. ஸ்டோர் என்றால் கடையல்ல. எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். தோட்டத்தின் பெயர், தூளின் தரம், எடை எல்லாம் லொறிக்குப் பின்னால் நிற்பவனுக்கும் தெரிய வேண்டும். அப்படி எழுதி எழுதி, இன்றைக்கும் ஒரு தபாலட்டையில் நாலு வரிக்கு மேல் என்னால் எழுத முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பூரணியின் கதையை நான் சொல்ல வேண்டி வந்ததும் அந்தப் பெருமையால்தான்.

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டத்து டிவிஷன். அங்கே பழைய பிள்ளைக்காம்பரா கட்டடத்தில் எங்கள் சபை கூடுகிறது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். பெஞ்சுகளும் குழந்தைகளுக்குச் செய்த குட்டைப் பெஞ்சுகள்தான். முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துதான் ஆண்டவரைத் துதிக்கிறோம். ஒரு பெஞ்சில் இரண்டு பேர். மொத்தம் நாற்பத்தொரு பேர். நான் மூப்பர். போதகர் நிரஞ்சன் ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். முப்பது வயது. என்னைவிட வசனமும் அதிகம் தெரியும், பொறுமையும் அதிகம். இரண்டுமே எனக்கு எரிச்சல்.

புத்தாண்டு காலை ஆராதனையில் நாங்கள் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்போம். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து, எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். சபை ஆமென் சொல்லும். அந்த வருடம் முழுக்க ஆண்டவர் அந்த ஆளுக்குச் சொல்வது அதுதான். வீட்டு நிலைக்கு மேலே ஒட்டிவைப்பார்கள். எழுதியிருப்பதெல்லாம் இனிப்பான வசனங்களாகவே இருக்கும். தண்டனையை வாசலில் ஒட்டிவைக்க யாருக்கு ஆசை?

டவுனில் அச்சடித்த அட்டை கிடைக்கிறது. ஆனால் மூப்பர் உயிரோடு இருக்கும்போது அச்சு எதற்கு? பழைய கலண்டர்களின் பின்பக்கத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி நானே எழுதுவேன். வசனம் நீளமாக இருந்தால் என் சொந்த வார்த்தையில் சுருக்கிவிடுவேன். "அண்ணன், வசனத்தை அப்படியே எழுதுங்களேன்" என்று போதகர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்படியே எழுத என் எழுத்துக்கு அட்டை போதாதே.

போன வருடத்துக்கு எழுதியபோதுதான் அது நடந்தது. ஒரு வசனத்தை எவ்வளவு சுருக்கியும் இடம் போதவில்லை. முதல் அட்டையில் "உன்னை அடித்தது நானே" என்பதோடு இடம் முடிந்துவிட்டது. அடுத்த அட்டையில் "உன் காயத்தைக் கட்டுவதும் நானே" என்று எழுதினேன். இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிவிடலாம் என்று பார்த்தால் பசைப் போத்தல் காய்ந்து கிடந்தது. காலையில் சோற்றுப் பசையால் ஒட்டலாம் என்று வைத்தேன். காலையில் மறந்தேன். தட்டில் அடுக்கியபோது அட்டைகளை எண்ணினேன், நாற்பத்தொன்று, சரியாக இருந்தது. வசனம் நாற்பதுதான் என்பதை எண்ணவில்லை.

பூரணி எடுத்தது அடித்த அட்டையை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்து நாலு வயது, கொழுந்து பறிக்கிறவள், குள்ளம். பாட்டு பாடினால் எல்லோருக்கும் அரை அடி பின்னால் வருவாள். சபை முடித்த பிறகும் அவள் குரல் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நிற்கும். கீழ் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகளில், பத்தாவது காம்பராவில் தனியாக இருந்தாள். புருஷன் சின்னத்தம்பி ஈரல் கெட்டுச் செத்து எட்டு வருடம். அவர் இருக்கும்போதே அவள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாள். குடும்பத்தில் வேறு யாரும் எடுக்கவில்லை. சின்னத்தம்பியின் தங்கை மீனம்மா அதே லயத்தில் நாலாவது காம்பரா. மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் எடுக்கிற வீடு அது.

பூரணிக்கு ஒரே மகள், லோஜினி. ஆறு வருடத்துக்கு முன்னால் இறம்பொடைப் பக்கம் ஒரு பையனுக்கு நிச்சயமானது. கல்யாணம் எங்கள் லயத்து மாரியம்மன் கோயிலில். பூரணி என்னிடம் வந்து, "போகலாமாண்ணே?" என்று கேட்டாள். நான் ஸ்டோர் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். துப்புவதற்கு எடுத்த நேரம்கூட யோசிக்கவில்லை. "சிலைக்கு முன்னால நடக்குற கல்யாணம். நீ சாட்சி உள்ளவ. போகக் கூடாது" என்றேன்.

அவள் போகவில்லை. தப்பு மேளச் சத்தம் லயம் முழுக்கக் கேட்க, பத்தாவது காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் இருந்திருக்கிறாள். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் மீனம்மா நின்றாள். லோஜினி புறப்படும்போது அந்தக் கதவைப் பார்த்துவிட்டு வேனில் ஏறினாளாம். அதோடு சரி. அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் ஹட்டனில் என் அண்ணன் மகன் கல்யாணம், அதுவும் கோயிலில்தான். நான் போய்ப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயாசம் வாங்கிச் சாப்பிட்டேன். அது வேறு விஷயம் என்று நினைத்தேன். எப்படி வேறு என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு எழுந்து நின்று, எழுத்துக்கூட்டி, "உன்னை அடித்தது நானே" என்று வாசித்தாள்.

ஆமென் வரவில்லை. யாரோ இருமினார்கள். போதகர் என்னைப் பார்த்தார். பூரணி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்; அங்கே பழைய கலண்டரின் ஏதோ ஒரு மாதம் இருந்தது. பிறகு அவளே தனக்கு ஆமென் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் மிஞ்சுகிற அட்டை எழுதினவனுக்கு என்பது வழக்கம். எடுத்துப் பார்த்தேன். "உன் காயத்தைக் கட்டுவதும் நானே."

அந்த நிமிடமே எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் போதகர் முன்னால் நான் வசனத்தைச் சுருக்கியதும் என் பெரிய எழுத்தும் கேவலப்படும். என் அட்டையை உரக்க வாசித்தேன். சபை பெரிதாக ஆமென் சொன்னது. பூரணியும் சொன்னாள், அரை அடி பின்னால்.

மார்ச்சில் மலையில் குளவி கலைந்தது. ஏழு பெண்களுக்குக் கொட்டு. பூரணிக்குத்தான் அதிகம், நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, முகம் வீங்கி, கண் தெரியாமல் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தாள். எங்கள் சபையில் சாட்சி என்றால் வியாதி சுகமானது, மகனுக்கு வேலை கிடைத்தது, இப்படித்தான் இருக்கும். அவள், "ஆண்டவர் சொன்ன மாதிரியே செஞ்சாரு. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஜூலைக் காற்றில் அந்த லயத்திலேயே ஒரே ஒரு கூரைத் தகரம் போனது. பத்தாவது காம்பராவுடையது. இப்போது மலையிலும் அவளுக்குப் பக்கத்து நிரையில் பறிக்க ஆள் இல்லை. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லோரும் ஒதுங்கினார்கள். அவளுக்கு விழுகிற அடி தவறித் தங்கள் மேல் விழுந்துவிடுமோ என்ற பயம். பீலியில் அவள் தண்ணீர் பிடித்துப் போகும்வரை மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள்.

தகரம் போட்டுக் கொடுக்க நான் போனேன். மூப்பர் என்ற கடமைக்குத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். நிலைக்கு மேலே என் எழுத்து வாசலையே மறைக்கிற மாதிரி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே குனிந்து உள்ளே போக எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அதக் கழட்டிறேன், பூரணி" என்றேன். "வேற ஒண்ணு எழுதித் தாறேன்."

"எதுக்குண்ணே?"

"பாக்கவே பயமா இருக்குல்ல?"

அவள் பாலில்லாத சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், சீனி இல்லாமல், உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்து.

"தூரத்துல இருக்கவங்க அடிக்க முடியாதுண்ணே. கை எட்டணும். பக்கத்துல வந்து நிக்கணும். ஆறு வருசமா என்னைய யாரும் தொட்டது இல்ல. இவரு ஒருத்தர்தான் இம்புட்டுக் கிட்ட வாறாரு."

என் அட்டை என் வீட்டில் படுக்கைக்கு மேலே இருந்தது. அதை இரவில் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு சொன்னது. தகரத்துக்கு ஆணி அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் அவள் மீனம்மாவின் போனை வாங்கி மகளுக்கு எடுத்தாள். லோஜினி அம்மாவின் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். இதை மீனம்மாதான் எனக்குச் சொன்னாள். "ஒங்க சபையில அண்ணிக்கு என்னா எழுதிக் குடுத்தீங்க? ஆளு பாதியாப் போச்சு" என்றும் கேட்டாள். நான் ஜெபிக்கிறேன் என்று சொல்லித் தப்பினேன். எங்களுக்கு அது நல்ல வசதி.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானை ஒட்டி மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வருடா வருடம் வெடிக்கிறதுதானே என்று போய்விட்டார்கள். லயத்தை விட்டுப் போனால் கோழி, ஆடு, அடுப்பு எல்லாவற்றையும் விட வேண்டும்.

பூரணி பகல் பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டினாள். வெடிப்பைப் பற்றி அவள் பேசவே இல்லை. "அடி எனக்குத்தான் வருது. நீங்க ஏன் நடுவுல? புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க" என்று மட்டும் சொன்னாள். மண்ணுக்குப் பயப்படாதவர்கள் இதற்குப் பயந்தார்கள். குளவியையும் தகரத்தையும் பார்த்தவர்கள் இல்லையா? ஒரு மணிக்குள் பன்னிரண்டு காம்பராவும் காலி. கொஞ்சம் திட்டிக்கொண்டே போனார்கள்.

அவள் மட்டும் போகவில்லை. தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணத்தன்று சாத்திய அதே கதவு. மீனம்மா பாதி வழியில் திரும்பிப் பார்த்து, ஆளைக் காணாமல் ஓடிவந்து, கதவை உதைத்துத் திறந்து, தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறாள்.

"நீங்க செத்தா லோஜினிக்கு நா என்னா பதில் சொல்றது, அண்ணி?"

அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் பூரணியின் கால் நகர்ந்ததாம். மூன்று மணிக்கு மேடு இறங்கியது. ஏழாவது காம்பராவிலிருந்து கடைசி வரை மண்ணுக்குள் போனது. பத்தாவது காம்பரா இருந்த இடத்தில் மேலேயிருந்து வந்த ஒரு சவுக்கு மரம் வேரோடு நிமிர்ந்து நின்றது. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாய் விரித்துக் கிடந்தார்கள். அதுவரை பூரணியைக் கண்டால் ஒதுங்கினவர்கள், அவள் பக்கத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். போதகர் வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. வீட்டுக்குப் போய்ப் படுக்கைக்கு மேலே இருந்த அட்டையை உரித்தெடுத்தேன். மறுநாள் காலையில் மூன்றாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய எழுத்து, காய்ந்த பசை, நாற்பத்தொரு அட்டை, நாற்பது வசனம், எல்லாம். அவளும் தன் அட்டையை நிலையிலிருந்து உரித்து இடுப்பில் முடிந்து வைத்திருந்தாள். மண்ணுக்குப் போகாமல் அவளோடு வந்த பொருள் அது ஒன்றுதான். இரண்டையும் மேசையில் வைத்தோம்.

அவள் நிதானமாக வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு வருசமா கட்டு ஒங்க வீட்டுலயா இருந்துச்சு, அண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். காணாமல் போன சட்டி பக்கத்து வீட்டில் இருந்தது தெரிந்தவள் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"தப்பு என்னோடது, பூரணி. ஆண்டவர் உன்னைய அடிக்கல. நா எழுதுன கேடு அது."

"நீங்க தப்பா எழுதினீங்க. அவரு தப்பா அனுப்பல" என்றாள். "முழுசா வந்திருந்தா நா முதல் வரியப் படிச்சிருக்கவே மாட்டேன். எல்லாரும் மாதிரி கட்டுறத மட்டும் புடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். குளவி கொட்டுனப்பதான் எதுக்குன்னு கேட்டேன். தகரம் போனப்பத் தெரிஞ்சுபோச்சு. மக கல்யாணத்துக்குப் போகாதத ஆறு வருசமா பக்தின்னு நெனச்சிருந்தேன்ண்ணே. அது பக்தி இல்ல. பெத்த புள்ளய அடிச்ச அடி. அத எனக்கு வேற எப்பிடிச் சொல்லுவாரு?"

"போகாதன்னு சொன்னவன் நாந்தானே."

"ஆமா. நீங்கதான்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆறு வருடம் அவள் வாயிலிருந்து வராத குற்றச்சாட்டு இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. நியாயத்தீர்ப்பு என்பது இடிமுழக்கத்தோடு வரும் என்று நானே பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒரு குட்டி மேசையில், ஈரச் சேலையோடு, நிதானமாக வரும் என்று எனக்குத் தெரியாது. வந்தபிறகு நெஞ்சு ஏனோ லேசானது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் அட்டையை அவளிடம் தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளினாள்.

"எனக்கு வேணாம். நாம ரெண்டு பேரும் அடிச்சது லோஜினிய. இது அவளோடது. கொண்டுபோய்க் குடுத்திருங்க."

டிசம்பர் நடுவில் பாதை திறந்ததும் போனேன். ஹட்டன், நுவரெலியா, அங்கிருந்து இறம்பொடைக்கு இன்னொரு பஸ். வழியெல்லாம் மலை தோலுரிந்து சிவப்பாக இருந்தது. மீனம்மா சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைப் பிடித்தேன். லோஜினி வாசலுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும். பேத்தி இருப்பது பூரணிக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "வாங்க" என்று அவள் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றே சொன்னேன். வரக்கூடாது என்று தடுத்தது நான், அவள் அம்மா என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வராமல் நின்றாள், நான் யோசிக்காமல் சொன்னேன். மண்ணையும் சொன்னேன், அட்டைகளையும் சொன்னேன்.

"நீங்க சொன்னீங்க, மாமா" என்றாள் லோஜினி. "அதக் கேட்டு நடந்தது அவங்கதானே."

அட்டையை நீட்டினேன். வாங்கி வாசித்தாள்.

"மத்த பாதி?"

"அம்மாகிட்ட இருக்கு. அத யாருக்கும் குடுக்க மாட்டேங்குறாங்க."

அவள் அட்டையோடு உள்ளே போனாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அருவிச் சத்தம் கேட்கிற அந்தப் பாதையில் பஸ்ஸுக்கு நடந்தேன். பூரணியிடம் வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். "அட்டையத் திருப்பித் தரலல்ல?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். பேத்தியைப் பற்றியும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தப் புத்தாண்டுக்கு டவுனில் அச்சடித்த அட்டை வாங்கிவந்தோம். நான்தான் வாங்கச் சொன்னேன். தட்டு பூரணியிடம் வந்தபோது அவள் கையை நீட்டவில்லை.

"எனக்குப் போன வருசத்துதே போதும், பாஸ்டரய்யா. அது இன்னும் முடியல" என்றாள்.

மார்ச்சிலிருந்து யாரும் உட்காராத அவள் பெஞ்சில் அன்றைக்கு உட்கார மூன்று பேர் போட்டி. மண்ணிலிருந்து தப்பினவர்கள், ஆசீர்வாதம் உள்ளவள் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டார்கள். எனக்கும் ஆசைதான், இடம் இருக்கிறதே என்று முதல் ஆளாகப் போனேன். அவள் தன் குடையையும் பையையும் எடுத்துப் பக்கத்து இடத்தில் பரப்பி வைத்தாள்.

"ஆள் வருது, அண்ணே" என்றாள்.

ஆராதனை முடிகிற வரைக்கும் யாரும் வரவில்லை. கடைசிப் பாட்டை எல்லோரும் முடித்த பிறகு அவள் குரல் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது. அதற்குப் பிறகும் அவள் பையை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் வைத்தாள்.